வி-கிராஸ் மூக்கு தொங்குது, 2 இன்ச் ஸ்பேசர் போடலாமா?

பொம்மனஹள்ளி_டீசல்:

வணக்கம். வண்டி இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ், ஃபோர் வீல் டிரைவ், 255/60 ஆர்18 டயர், 68,000 கி.மீ. ஓடியிருக்கு. சஸ்பென்ஷன்ல கம்பெனி கொடுத்ததுதான், எதையும் மாத்தலை. முன்னாடி இரும்பு பம்பர், விஞ்ச் எதுவும் கிடையாது.

பிரச்சினை ரெண்டு. வண்டி காலியா நிக்கும்போது மூக்கு நல்லாவே தாழ்ந்து தெரியுது. போன்ல லெவல் ஆப்பைப் போட்டு சேசிஸ் ரெயில்ல ஒட்டிப் பார்த்தா முன்பக்கம் 1.1 டிகிரி கீழே காட்டுது. ரெண்டாவது, காலியா பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்துல போனா ஒவ்வொரு ஜாயின்ட்லயும் பின்பக்கம் எகிறுது. லோடு இருந்தா அந்தத் தொல்லை இல்லை.

வீல் ஹப்போட நடுவுலேருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் அளந்தது, மி.மீ. கணக்குல: முன் இடது 482, முன் வலது 474. பின் இடது 528, பின் வலது 530.

வாரத்துல ரெண்டு நாள் ஆனேக்கல் வழியா தளி பக்கம் தோட்டத்துக்குப் போகும். உர மூட்டை, சொட்டுநீர் குழாய், சில நேரம் மோட்டார். 200 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். மத்த நாள் காலிதான்.

ஜே.சி. ரோட்டுல ஒரு கடையில பாலியூரித்தேன் ஸ்பேசர் காட்டினாங்க. கனம் 50 மி.மீ. "முன்னாடி ஸ்ட்ரட் மேல வெச்சா 2 இன்ச் ஏறிடும், ரெண்டு மணி நேர வேலை, அலைன்மென்ட்கூட வேண்டாம்"னு சொல்றாங்க. போடலாமா? பின்னாடி எகிறலுக்கு லீஃப் ஸ்பிரிங்ல, அதான் கமான்ல, ஒரு பட்டையைக் கழட்டிடலாம்னும் சொன்னாங்க.

---

ரசமட்டம்:

அந்த 50 மி.மீ. ஸ்பேசரை வாங்கிடாதீங்க சார். அது 2 இன்ச் ஏத்தாது, மூணரை இன்ச் ஏத்தும்.

காரணம் இதுதான். உங்க வண்டியில முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது சக்கரத்தை மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடிச்சிருக்கும். ஸ்ட்ரட்டோட (ஷாக்கும் காயில் ஸ்பிரிங்கும் சேர்ந்த கட்டு) அடிப்பாகம் சக்கரத்துல இல்லை, கீழ்க் கை நடுவுல எங்கேயோ உட்கார்ந்திருக்கு. அதனால ஸ்ட்ரட் ஒரு பங்கு நகர்ந்தா சக்கரம் கிட்டத்தட்ட ரெண்டு பங்கு நகரும். சரியான விகிதம் வேணும்னா டேப்பை எடுத்துக் கீழே படுங்க. கீழ்க் கை சேசிஸ்ல சேர்ற போல்ட்டுலேருந்து ஸ்ட்ரட் அடிப்போல்ட் வரை ஒரு அளவு, அதே இடத்துலேருந்து சக்கரப் பக்க நுனியில இருக்கிற பால் ஜாயின்ட் வரை ஒரு அளவு. முதல் அளவை ரெண்டாவதால வகுங்க. ஸ்ட்ரட் கொஞ்சம் சாய்ந்து நிக்கிறதால உண்மையான விகிதம் இதைவிட ஒரு சொட்டு குறையும், அது பரவாயில்லை. 0.55-னு வந்தா 50 மி.மீ. ஸ்பேசர் சக்கரத்துல 91 மி.மீ.

"2 இன்ச் கிட்"னு வெளிநாட்டுப் பெட்டியில வர்றது 2 இன்ச் ஏத்துற கிட். உள்ளே இருக்கிற துண்டு ஒரு இன்ச் கனம்தான் இருக்கும். கடையில துண்டோட கனத்தையே ஏத்தமா சொல்லிடறாங்க. குழப்பம் அங்கேதான்.

91 மி.மீ. ஏத்தினா என்ன ஆகும்? ஸ்ட்ரட் மேலே ஸ்பேசர் வைக்கும்போது ஸ்ட்ரட் முழுசாவே கீழே இறங்கிடும். வண்டி நிக்கிறப்போ ஒண்ணும் தெரியாது. ஸ்பீடு பிரேக்கர்ல சக்கரம் முழுசாத் தொங்கும்போதுதான் மேல்க் கை காயில் ஸ்பிரிங்கைத் தொடும், மேல் பால் ஜாயின்ட் அதோட கடைசிக் கோணத்துக்குப் போகும், டிரைவ் ஷாஃப்ட்டுல மடங்கிச் சுத்துற சி.வி. ஜாயின்ட் மடங்க வேண்டிய அளவைத் தாண்டி மடங்கும். அதை மூடியிருக்கிற ரப்பர் பூட்டோட மடிப்பு ஒண்ணோட ஒண்ணு உரசிக் கிழியும். சக்கரத்தோட உள்பக்கத்துல கிரீஸ் தெறிச்சிருந்தா அதுதான் முதல் அடையாளம். இன்னொண்ணு: பள்ளத்துல விழுந்து சக்கரம் மேலே வரும்போது, ரப்பர் பம்ப் ஸ்டாப் தொடறதுக்கு முன்னாடியே ஸ்ட்ரட்டுக்குள்ள பிஸ்டன் அடியில போய் மோதும். ஸ்ட்ரட் அதைத் தாங்காது.

சரி, உங்களுக்கு எவ்வளவு ஏத்தணும்? அதைச் சொல்றதுக்கு உங்க அளவு இன்னும் போதாது.

லெவல் ஆப் பூமியோட ஒப்பிட்டுத்தான் காட்டும். உங்க அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்ல தண்ணி வடியறதுக்குச் சரிவு விட்டிருப்பான். அதுவும் அந்த 1.1-ல சேர்ந்திருக்கும். வண்டியைத் திருப்பி, நாலு சக்கரமும் அதே இடத்துல நிக்கிற மாதிரி எதிர்த்திசையில நிறுத்தி, ரெயில்ல அதே இடத்துல திரும்ப அளங்க. ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுத்தா தரைச் சரிவு அடிபட்டுப் போயிடும். வி-கிராஸ் வீல்பேஸ் 3,095 மி.மீ. அதுல ஒரு டிகிரின்னா 54 மி.மீ. ஃபெண்டர் அளவுல முன்னுக்கும் பின்னுக்கும் இருக்கிற வித்தியாசத்தை வெச்சுச் சரிவைக் கணக்குப் போடாதீங்க, ரெண்டு வளைவும் ஒரே உயரத்துல வெட்டினது கிடையாது. ஃபெண்டர் அளவு எதுக்குன்னா, மாத்துறதுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு நகர்ந்துச்சுன்னு பார்க்க.

முக்கியமானது, வழக்கமா ஏத்துற லோடை ஏத்திட்டு நாலு மூலையிலும் திரும்ப அளங்க. காலி வண்டியை வெச்சு லெவல் பண்ணினா, உரம் ஏத்தின அன்னைக்கு மூக்கு வானத்தைப் பார்க்கும். கம்பெனி பின்பக்கத்தைத் தூக்கி வெச்சிருக்கிறதே லோடுக்காகத்தான்.

---

பதினெட்டு_இன்ச்:

மேலே சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஒரு விஷயம் மட்டும் சேர்க்கிறேன். 68,000 கி.மீ. ஓடின ஸ்பிரிங்குக்கு மேல எதை வைக்கிறதா இருந்தாலும் முதல்ல அந்த ஸ்பிரிங் உயிரோட இருக்கான்னு பார்க்கணும். வலது பக்கம் 8 மி.மீ. குறைவு. டயர் காத்து இதுக்குக் காரணமா இருக்க முடியாது, ஏன்னா ஹப்புலேருந்து அளந்திருக்கீங்க. பின்பக்கம் ரெண்டும் ஏறக்குறைய சமம், அதனால பின்னாடி சாய்ஞ்சு முன்னாடி தள்ளுதுன்னும் சொல்ல முடியாது. டிரைவர் பக்கம் ஸ்பிரிங் கொஞ்சம் உட்கார்ந்திருக்கலாம். ஸ்ட்ரட் எப்படியும் வெளியே வரப்போகுது. அப்போ ரெண்டு காயிலையும் தரையில பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சு உயரம் பாருங்க. கண்ணுக்கே தெரியற வித்தியாசம் இருந்தா பேக்கர் (காயில் மேல வைக்கிற கனத் துண்டு) வேண்டாம், ஜோடியா காயில் மாத்துங்க. ஒரு பக்கம் மட்டும் மாத்தாதீங்க.

காயில் மாத்துறதா இருந்தா, கடையில "ஹெவி டியூட்டி"ன்னு நீட்டறதை வாங்கிடாதீங்க. ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன் மாதிரி கம்பெனிகள் ஒரே வண்டிக்கு முன்பக்கம் எவ்வளவு கூடுதல் எடை இருக்குங்கிறதை வெச்சு தனித்தனி காயில் கொடுக்கறாங்க. இரும்பு பம்பரும் விஞ்சும் இருக்கிற வண்டிக்கான காயிலை வெறும் பிளாஸ்டிக் பம்பர் வண்டியில போட்டா மூக்கு வேணுங்கிறதுக்கு மேல ஏறும். ஸ்ட்ரட் ஏறக்குறைய முழுசா நீண்ட நிலையிலேயே நிக்கும், ஒவ்வொரு சின்னப் பள்ளத்துலயும் "டக்"குன்னு மேலே போய் முட்டும். அந்தச் சத்தத்தை ஜனங்க பால் ஜாயின்ட்னு நினைச்சு அதை மாத்திட்டு உட்கார்ந்திருப்பாங்க.

ஷாக்குல எண்ணெய்க் கசிவு இருக்கா, அடி ரப்பர் புஷ் விரிசல் விட்டிருக்கா, மேல் மவுன்ட் ரப்பர் நசுங்கியிருக்கான்னு பார்த்துடுங்க. இதுல எது இருந்தாலும் திரும்பப் பிரிக்கிற கூலி தண்டம்.

---

பொம்மனஹள்ளி_டீசல்:

ரொம்ப நன்றி. சொன்ன மாதிரி அளந்துட்டேன்.

வண்டியைத் திருப்பி நிறுத்தினதும் 0.5 டிகிரிதான் காட்டுச்சு! ரெண்டு தடவையும் மூக்குதான் கீழே. சராசரி 0.8, அதாவது 43 மி.மீ. தரைச் சரிவு மட்டும் 0.3 டிகிரி இருந்திருக்கு.

லோடு: 50 கிலோ மூட்டை நாலு, குழாய்ச் சுருள், மொத்தம் ஏறக்குறைய 220 கிலோ. மூட்டைகளைக் கேபினை ஒட்டி அடுக்கினேன். பின்பக்கம் இடது 496, வலது 498. ரெண்டு பக்கமும் 32 மி.மீ. இறங்கியிருக்கு. முன்பக்கம் 2 மி.மீ. இறக்கம்.

கீழ்க் கை விகிதம் 0.55 வருது. காலிக்கும் லோடுக்கும் நடுவுல எதைப் பிடிக்கிறது?

---

ரசமட்டம்:

அளவு கையில வந்துடுச்சு, இனி கூட்டல் கழித்தல்தான்.

காலியில சரிவு 43. லோடுல பின்னாடி 32 இறங்கி முன்னாடி 2 இறங்கினா சரிவு 30 குறையும், மிச்சம் 13. அதாவது லோடு வண்டி இப்பவே கிட்டத்தட்ட சமமாத்தான் நிக்குது. கடைக்காரர் பேச்சைக் கேட்டு 91 ஏத்தியிருந்தா லோடுல மூக்கு 78 மி.மீ. தூக்கியிருக்கும். 43-ஐ முழுசா ஏத்தினாலும் லோடுல 30 மி.மீ. தூக்கல். எதிர்ல வர்றவன் கண்ணுல லைட் அடிக்கும்.

20 மி.மீ. சுத்தி ஏத்தினா காலியில 23 தாழ்வு, லோடுல 7 தூக்கல். இதுதான் உங்க உபயோகத்துக்குப் பொருத்தம். வலது 8 குறைவா இருக்கிறதையும் சேர்த்தா இடது பக்கம் 10 மி.மீ. பேக்கர், வலது பக்கம் 15 மி.மீ. பேக்கர். சக்கரத்துல இடது 18, வலது 27 ஏறும். 500, 501-னு வந்து நிக்கும். காயில் ரெண்டும் சம உயரம்னு உறுதியானா மட்டும் இது. போட்ட பிறகு ஒண்ணு ரெண்டு மி.மீ. முன்னே பின்னே வந்தா விட்டுடுங்க, டீசல் டேங்க் நிறைஞ்சா அதுவே மாறும்.

இவ்வளவு சின்ன ஏத்தத்துக்கு ஸ்ட்ரட் மேலே வைக்கிற ஸ்பேசர் வேண்டாம். அதுல ஸ்ட்ரட் மேல நீட்டிக்கிட்டிருக்கிற பழைய ஸ்டட் போல்ட்டும் நட்டும் உள்ளே மறையணும், அதுக்கே 20 மி.மீ.க்கு மேல கனம் வேணும். பழைய ஸ்டட்டிலேயே தகடு சொருகி நட்டைப் பாதி மரையில பிடிக்க வைக்கிற வேலையையும் ஒத்துக்காதீங்க. உங்களுக்கு வேண்டியது ட்ரிம் பேக்கர். காயிலோட மேல் நுனிக்கும் மேல் மவுன்ட்டுக்கும் நடுவுல, ரப்பர் வளையத்தோட சேர்ந்து உட்காரும். 5, 10, 15 மி.மீ.யில கிடைக்கும். ஏத்தக் கணக்கு ஸ்பேசருக்கு இருக்கிற அதே கணக்குதான், ஆனா வேற ஒண்ணு நடக்கும்: சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம்ங்கிற கடைசி எல்லை மாறாது. பால் ஜாயின்ட்டுக்கும் சி.வி. ஜாயின்ட்டுக்கும் புதுசா எந்தத் தொல்லையும் வராது. பதிலுக்கு, நிக்கிற நிலையிலேருந்து கீழே போற தூரம் அந்த அளவுக்குக் குறையும். 10, 15 மி.மீ.க்கு அது உறைக்காது. 30 மி.மீ. பேக்கர் போட்டா மேலே ஒருத்தர் சொன்ன "டக்" சத்தம் வரும்.

வேலை நடக்கும்போது பக்கத்துல நில்லுங்க. எங்கே தப்பு நடக்கும்னு சொல்றேன்.

பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை வெச்சு, முன்பக்கத்தைத் தூக்கி, சேசிஸ் ரெயில்ல ஸ்டாண்ட் கொடுக்கணும். ஜாக்கியை நம்பிக் கீழே போகக் கூடாது. ஸ்டெபிலைசர் பார் லிங்க்கை ரெண்டு பக்கமும் கழட்டணும். கழட்டாம விட்டா கை இறங்காது, மெக்கானிக் கம்பி போட்டு மிதிப்பான், அப்போதான் பூட் கிழியறது. பிரேக் ஹோஸ் பிராக்கெட், ஏபிஎஸ் சென்சார் ஒயர் கிளிப், ரெண்டையும் முதல்லயே விடுவிச்சிடணும். அந்த ஒயர் இழுபட்டா உள்ளே அறுந்து வெளியே தெரியாது, டேஷ்போர்டுல லைட் எரிஞ்ச பிறகுதான் தேட ஆரம்பிப்பீங்க. மேல் பால் ஜாயின்ட்டைப் பிரிச்சதும் சக்கரத்தைத் தாங்குற நக்கிளை மேல்க் கையோட சேர்த்து ஒரு கம்பியால கட்டித் தொங்கவிடணும், வெளிப்பக்கம் சாய விடக் கூடாது. சாய்ஞ்சா ஷாஃப்ட்டோட உள் ஜாயின்ட் கழண்டு வரும்.

மேலே மூணு நட்டு, கீழே போல்ட், ஸ்ட்ரட் கையில வந்துடும். நடுவுல இருக்கிற பெரிய நட்டை வண்டியில இருக்கும்போது யாரும் தொடக் கூடாது. ஸ்பிரிங் முழு அழுத்தத்தோட உள்ளே உட்கார்ந்திருக்கு. அந்த நட்டுதான் அதைப் பிடிச்சிருக்கு.

வெளியே எடுத்ததும் பெயின்ட் மார்க்கரால மேல் மவுன்ட், காயில், ஸ்ட்ரட் உடம்பு மூணுக்கும் சேர்த்து ஒரு நேர்கோடு போடச் சொல்லுங்க. இதைப் போடாம பிரிச்சா திரும்பப் பூட்டும்போது மேல் ஸ்டட் மூணும் ஓட்டைக்கு நேரா வராது, அடிப் புஷ் திருகின நிலையில மாட்டும், ஆறு மாசத்துல கிழியும். காயிலை அழுத்த, சுவர்லயோ மேஜையிலயோ பொருத்தின கம்ப்ரெஸர் இருக்கிற கடைக்கே போங்க. ரெண்டு கொக்கி மாட்டி ஸ்பேனரால திருகுற வகையை வெச்சு இந்த சைஸ் காயிலை அழுத்துறது ஆபத்து. கொக்கி வழுக்கினா பக்கத்துல இருக்கிறவன் முகம்தான். காயில் அது உட்கார்ற தட்டுலேருந்து விட்டு லேசா ஆடணும், அப்புறம்தான் நடு நட்டு. அந்த நட்டு புதுசாப் போடுங்க. பேக்கர் வெச்சுப் பூட்டும்போது காயிலோட அடி நுனி அதுக்குன்னு இருக்கிற படியில போய் முட்டியிருக்கான்னு விரலால தடவிப் பாருங்க.

வண்டியில மாட்டின பிறகு, ரப்பர் புஷ் இருக்கிற போல்ட் எல்லாத்தையும் சக்கரம் தரையில நின்னு முழு எடை வந்த பிறகுதான் கடைசியா இறுக்கணும். தொங்கற நிலையில இறுக்கினா புஷ் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருக்கும். பால் ஜாயின்ட்டுக்குப் புது ஸ்ப்ளிட் பின். இறுக்கற விசை, அதான் டார்க் அளவைச் சர்வீஸ் மேனுவல்ல பார்த்து டார்க் ரெஞ்ச் வெச்சுத்தான், காத்து கன்னை வெச்சு இல்லை.

---

கமான்பட்டை:

முன்னாடிக்கு ரசமட்டம் அண்ணன் சொன்னதே போதும். பின்னாடி எகிறலுக்கு நான் வரேன்.

முதல் கேள்வி, பின் டயர்ல காத்து எவ்வளவு? டிரைவர் கதவுத் தூண்ல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்ல காலிக்கு ஒரு அளவும் லோடுக்கு ஒரு அளவும் இருந்தா அதைத்தான் பார்க்கணும். பங்க்குல "பிக்கப்பா? 40"ன்னு அடிச்சு விட்டுடறாங்க. காலி வண்டியில 40 பி.எஸ்.ஐ. வெச்சுக்கிட்டுக் கமான் பட்டையைத் திட்டிப் பிரயோஜனமில்லை. காலையில குளிர்ந்த டயர்ல ஸ்டிக்கர் அளவுக்குக் கொண்டுவந்து அதே மேம்பாலத்துல ஒரு தடவை ஓட்டிப் பாருங்க. செலவே இல்லாத வைத்தியம் இது.

ஒரு பட்டையைக் கழட்டலாம்னு சொன்னவர் எந்தப் பட்டையைச் சொன்னார்? அடியில தனியா, வளைவே இல்லாம தட்டையா, கனமா ஒண்ணு இருக்கும். அது லோடு பட்டை. காலியில மேல இருக்கிற பட்டைகளைத் தொடவே தொடாது. அதைக் கழட்டினா எகிறல் ஒரு சதம்கூடக் குறையாது, உரம் ஏத்தின அன்னைக்கு மட்டும் பின்பக்கம் படுத்துடும். நடுவுல இருக்கிற பட்டையைக் கழட்டினா மென்மையாகும், ஆனா மெயின் பட்டைக்குத் துணை போயிடும். பிரேக் பிடிக்கிறப்பவும் கிளட்ச் விடறப்பவும் அச்சு முறுக்குற விசையை அது தனியாத் தாங்கணும். பட்டை நுனியில சுருண்டிருக்கிற கண்ணுக்குப் பக்கத்துல விரிசல் விட்டு அங்கேதான் ஒடியும்.

எகிறலுக்குப் பாதிக் காரணம் பட்டைக்கு நடுவுல இருக்கிற உராய்வு. ஒவ்வொரு பட்டை நுனியிலயும் ஒரு பிளாஸ்டிக் பேட் இருக்கும். அது தேஞ்சு இரும்பு மேல இரும்பு உட்கார்ந்துட்டா, சின்ன அதிர்ச்சிக்குப் பட்டைக் கட்டு நழுவாது, ஒரே கட்டையா நின்னு வண்டியைத் தூக்கி எறியும். டார்ச் அடிச்சு நுனிகளைப் பாருங்க. செம்மண் கலர்ல துருப்பொடி கசிஞ்சிருந்தா பேட் போயிடுச்சுன்னு அர்த்தம். சேசிஸைத் தூக்கி ஸ்டாண்ட் கொடுத்து அச்சைத் தொங்கவிட்டா பட்டைகள் விரியும். நெம்பி, கம்பி பிரஷ் போட்டுத் துருவை எடுத்து, புது பேட் போடலாம். நடுவுல கிரீஸ் தடவச் சொல்வாங்க, வேண்டாம். தளி ரோட்டுப் புழுதி முழுக்க அதுல ஒட்டி, உப்புத்தாள் மாதிரி அரைக்கும்.

மீதிப் பாதி ஷாக். 68,000 கி.மீ. ஓடின பின் ஷாக்கைக் கழட்டி, கையால முழுசா இழுத்து அழுத்திப் பாருங்க. இழுக்கும்போது ஒரே சீரான கனம் இருக்கணும். நடுவுல ஒரு இடத்துல சும்மா வந்தா அது செத்துப்போச்சு. மாத்தும்போது ஸ்டாக் நீளத்துலயே வாங்குங்க, பின்னாடி நாம ஏத்தலை. லிஃப்ட் வண்டிக்கான நீள ஷாக்கைப் போட்டா லோடுல அது அடியில போய் முட்டும். மேலே வர்றதை அதாவது ரீபவுண்டை நல்லாப் பிடிக்கிற கேஸ் ஷாக்கா இருந்தா அந்த ஜாயின்ட் எகிறல் ஒரே துள்ளலோட நின்னுடும்.

இதுக்கு மேலயும் யாராவது கமான் நுனியைச் சேசிஸோட சேர்க்கிற ஷேக்கிளை நீளமாப் போடலாம், கமானுக்கும் அச்சுக்கும் நடுவுல கட்டை வைக்கலாம்னு சொன்னா உங்களுக்கு அது தேவையே இல்லைன்னு சொல்லிடுங்க. தெரிஞ்சுக்கிறதுக்கு மட்டும் சொல்றேன்: ஷேக்கிளை 50 மி.மீ. நீளமாக்கினா பின்பக்கம் 25 மி.மீ.தான் ஏறும், கூடவே அச்சும் கொஞ்சம் திரும்பி புரொப்பல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணம் கெடும்.

கலாசிபாளையம் பக்கம் கமான் பட்டறைக்குப் பட்டைக் கட்டைப் பிரிக்கக் கொடுக்கறதா இருந்தா ரெண்டு விஷயம். பட்டையை கேஸ் வெச்சுக் காய்ச்சி வளைக்க விடாதீங்க. ஸ்பிரிங் இரும்பு ஒரு தடவை சிவந்தா பதம் போச்சு, திரும்ப முறையா டெம்பர் பண்ணலைன்னா சில மாசத்துல படுத்துடும். குளிர்ந்த நிலையில பிரஸ்ல வளைவு ஏத்தறதுதான் சரி. அடுத்தது, கழட்டின யூ போல்ட்டைத் திரும்பப் போடாதீங்க, அது ஒரு தடவைதான். புதுசை நாலு நட்டையும் குறுக்கு மறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கணும். 100 கி.மீ. ஓட்டினதும் ஒரு தடவை, 500-ல ஒரு தடவை திரும்ப டார்க் பார்க்கணும். யூ போல்ட் தளர்ந்தா முழு பாரமும் நடுவுல இருக்கிற அந்தச் சின்ன சென்டர் போல்ட் மேல விழும். அது வெட்டிக்கிட்டா அச்சு ஒரு பக்கம் பின்னால நகரும், வண்டி ரோட்டுல கோணலா ஓடும்.

---

பதினெட்டு_இன்ச்:

சட்டப் பக்கம் யாரும் தொடலை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, ஆர்.சி.யில பதிவான விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததுக்கு மாறாகிற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதி பண்ணிடுச்சு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுல, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். 91 மி.மீ. ஏத்தின வண்டியை ரோட்டுல நிக்கிற யாருமே கண்டுபிடிச்சிடுவாங்க. பேக்கரா இருந்தாலும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல தெரியப்படுத்தி, பதிலை வாங்கி வெச்சுக்குங்க. வாரன்டி மிச்சமிருந்தா அதையும் முதல்ல யோசிங்க.

டயரை 265/60 ஆர்18 ஆக்கலாம்னு ஒரு யோசனையும் கூடவே வரும். விட்டம் 763-லேருந்து 775 ஆகும், வண்டி 6 மி.மீ. ஏறும், ஸ்பீடோமீட்டர் 1.6 சதவீதம் குறைச்சுக் காட்டும். நாலு மூலையும் சேர்ந்து ஏறுறதால மூக்குத் தொங்கல் அப்படியேதான் இருக்கும்.

---

பொம்மனஹள்ளி_டீசல்:

10-ம் 15-ம் பேக்கர் சொல்லிட்டேன். காத்து 40 இருந்துச்சு, ஸ்டிக்கர்படி குறைச்சதும் பாதி எகிறல் போச்சு. இடது நுனியில செம்மண் கலர்ப் பொடியும் இருக்கு, பேட் மாத்திடறேன்.

கடைசியா ஒண்ணு. அலைன்மென்ட் உடனே பண்ணணுமா, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகா? ஹெட்லைட்டை எப்படிப் பழைய இடத்துக்குக் கொண்டுவர்றது?

---

ரசமட்டம்:

ரெண்டு தடவை. உயரம் மாறினதுமே டோ, அதாவது முன் சக்கரம் உள்ளே வெளியே திரும்பி நிக்கிற கோணம், மாறிடும், அதனால வேலை முடிஞ்ச அன்னைக்கே அலைன்மென்ட் கடைக்கு. தள்ளிப் போட்டா முன் டயர் ஓரம் தேய ஆரம்பிச்சிடும். 500 கி.மீ. ஓடி ரப்பர்கள் படிஞ்ச பிறகு இன்னொரு தடவை. ஸ்டியரிங்கை நேரா பூட்டி வெச்சுத்தான் டோ சரி பண்ணணும். ஸ்டியரிங் வீல் கோணலா இருந்தா ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிற வண்டியில எச்சரிக்கை லைட் வரும். முன்னும் பின்னும் எடுத்த அளவுச் சீட்டை "பிரிண்ட் கொடி"ன்னு கன்னடத்துல கேட்டு வாங்குங்க. அதுல டோ மட்டும் பச்சையா இருந்தா போதாது, கேஸ்டர் (ஸ்டியரிங் திரும்பற அச்சு முன்பின் சாய்ஞ்சு நிக்கிற கோணம்) இடதுக்கும் வலதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு பாருங்க. அது அதிகமா இருந்தா நைஸ் எக்ஸ்பிரஸ்வேல கையை விட்டதும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

ஹெட்லைட்டுக்கு வேலையைத் தொடங்கறதுக்கு முன்னாடி ஒரு காரியம் பண்ணணும். சாயங்காலம் சமதரையில, ஒரு சுவருக்கு நேரா 10 மீட்டர் தள்ளி நிறுத்துங்க. சக்கரம் நிக்கிற இடத்துல சாக்பீஸ் கோடு. லோ பீம் போட்டு, வெளிச்சம் வெட்டற கோடு சுவர்ல எங்கே விழுதோ அங்கே கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க, ரெண்டு விளக்குக்கும் தனித்தனியா. டேங்க்ல எவ்வளவு டீசல்னு குறிச்சுக்குங்க. பேக்கர் போட்ட பிறகு அதே சாக்பீஸ் கோட்டுல நிறுத்தினா வெட்டுக்கோடு டேப்புக்கு ஏறக்குறைய 95 மி.மீ. மேலே இருக்கும். சரிவு மாறினதால 73, விளக்கே உயர்ந்ததால மீதி 22. விளக்கு உயர்ந்த 22-ஐ அப்படியே விடலாம். டேப்புக்கு 22 மேலே வர்ற வரைக்கும் விளக்குக்குப் பின்னாடி இருக்கிற திருகைத் திருப்பி இறக்குங்க. உரம் ஏத்தினா இன்னும் 97 மேலே போகும். டேஷ்போர்டுல விளக்கு இறக்கற சக்கரம் இருந்தா அன்னைக்கு அதைத் திருப்புங்க.

டேப்பைப் பிச்சு எறிஞ்சிடாதீங்க. 500 கி.மீ. கழிச்சு அதே சுவருக்குத் திரும்ப வரணும்.